வளவிலிருந்து வாவிக்கு: ஒன்ராறியோவின் புல்தரைகளும் நீரும்

2009ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் திகதி ஒன்ராறியோவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. புல்தரையும் பூந்தோட்டமும் அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக மட்டும் நஞ்சு தெளிப்பதை அது தடை செய்தது. 250க்கும் மேற்பட்ட பொருட்கள் கடைத் தட்டுகளிலிருந்து இறங்கின. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளில் வீடு வைத்திருக்கும் நம்மவர் பலருக்கு இந்தச் சட்டம் ஒரு குறையாகத்தான் தெரியும். மே மாதம் பிறந்ததும் முற்றம் முழுக்க மஞ்சள் டாண்டிலையன் பூக்கிறது, அடிக்க மருந்தில்லை. அந்தத் தடைக்குப் பின்னால் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட வாதமும் வழக்கும் இருக்கின்றன. ஆனாலும் சட்டம் செய்தது பாதி வேலைதான். ஓடைக்குப் போகும் நஞ்சை அது குறைத்தது. ஓடைக்குப் போகும் ஊட்டத்தை அது தொடவில்லை. மீதிப் பாதி வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அதை இயற்கை முறைத் தோட்டம் எவ்வளவு தூரம் நிறைவேற்றும், எந்த இடத்தில் அதுவும் தவறும் என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

கதை தொடங்கிய இடம் ஒன்ராறியோ அல்ல. மொன்றியலுக்கு மேற்கே, சுமார் ஐயாயிரம் பேர் வாழும் ஹட்சன் என்ற சிற்றூர். அங்கே ஜூன் இர்வின் என்ற தோல்நோய் மருத்துவர் இருந்தார். தம்மிடம் வரும் நோயாளிகளின் உபாதைகளுக்கும் ஊரின் புல்தரைகளில் தெளிக்கும் நஞ்சுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் நம்பினார். 1985 முதல் ஊர்ச்சபைக் கூட்டங்களுக்குத் தவறாமல் போய், தம் கருத்தை எழுத்தில் வாசித்துவந்தார். 1991இல் சபை அசைந்தது. அழகுக்காக நஞ்சு தெளிப்பதைத் தடுக்கும் 270ஆம் இலக்கத் துணைவிதி நிறைவேறியது. அடுத்த ஆண்டே இரண்டு புல்தரைப் பராமரிப்பு நிறுவனங்கள் மீது வழக்குப் பதிவானது. இப்படி ஒரு விதி செய்ய ஊர்ச்சபைக்கு அதிகாரமே கிடையாது என்று அவை எதிர்வழக்காடின. கீழ் நீதிமன்றங்களில் தோற்று, கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2001 ஜூன் 28இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாக ஹட்சன் பக்கம் நின்றார்கள்.

முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் கிளேர் லெரூ-டூபே. தெளிக்கும் பொருள் தீங்கானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அது அதன் முன் இருந்த கேள்வியும் அல்ல. மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அரசு, தன் மக்களின் நலனுக்காக, முன்னெச்சரிக்கையோடு ஒரு விதி செய்யலாம் என்பதே தீர்ப்பின் சாரம். முழுச் சான்றும் கைக்கு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்ற சர்வதேசச் சட்டக் கோட்பாட்டையும் அவர் எடுத்துக்காட்டினார். ஐயாயிரம் பேர் ஊரின் துணைவிதி ஒன்று நாடு முழுவதற்கும் கதவைத் திறந்துவிட்டது.

ரொறன்ரோ மாநகரம் 2003இல் தன் துணைவிதியை நிறைவேற்றியது. 2004 ஏப்பிரலில் அது நடைமுறைக்கு வந்தது. பூச்சிநாசினித் தொழில்துறையின் சங்கம் அதற்கு எதிராகத் தொடுத்த வழக்கை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தள்ளுபடி செய்தது. கியூபெக் மாகாணம் தனக்கென ஒரு விதிக்கோவை செய்து 2,4-டி என்ற களைநாசினி முதலான பொருட்களைப் புல்தரையிலிருந்து விலக்கியது. அதற்கு எதிராக டவ் அக்ரோசயன்சஸ் நிறுவனம் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் இழப்பீடு கோரியது. 2011இல் பணம் எதுவும் கைமாறாமல் அந்த வழக்கு இணக்கத்தில் முடிந்தது. தடை நின்றது. அறிவுறுத்தலின்படி பயன்படுத்தினால் 2,4-டி ஏற்கமுடியாத ஆபத்து அல்ல என்று கியூபெக் அரசு அந்த இணக்கத்தில் ஒப்புக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தடையை ஆதரிப்பவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. ஒரு பொருள் மனிதருக்கு உடனடித் தீங்கு செய்கிறதா என்பது ஒரு கேள்வி. அழகுக்காக மட்டும் அதை ஓடையில் கலக்கவிடலாமா என்பது வேறு கேள்வி.

ஓடையில் அது கலந்ததா? கலந்தது. தடைக்கு முன்பே, 1998 தொடக்கம் சில ஆண்டுகள், ரொறன்ரோவின் டொன், ஹம்பர் ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளில் 2,4-டி, மெக்கோப்ரொப் ஆகிய களைநாசினிகளும் டயசினோன் என்ற பூச்சிநாசினியும் அடிக்கடி காணப்பட்டன. இந்தப் பெயர்கள் பண்ணைக்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டுப் புல்தரையில் தெளித்தவையும் இவைதான். பிறகு ஒன்ராறியோவின் பத்து நகர ஓடைகளில், தடைக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரை மாகாண, மத்திய அரசு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2,4-டி, டைகம்பா, மெக்கோப்ரொப் ஆகிய மூன்றும் தெளிவாகக் குறைந்திருந்தன. குறைந்த அளவு ஓடைக்கு ஓடை மாறியது, திசை மாறவில்லை. சுற்றுச்சூழல் சட்டம் ஒன்றின் பலனை இத்தனை விரைவில் நீரிலேயே அளந்து காட்டமுடிவது அரிது. முற்றத்தில் போடுவது முற்றத்தில் நிற்பதில்லை என்பதை அந்தப் பத்து ஓடைகள் நிரூபித்தன. போடுவதை நிறுத்தினால் ஓடை தெளியும் என்பதையும்.

இங்கேயே நின்றுவிட்டால் வெற்றிக்கதை. ஆனால் நம் புல்தரையிலிருந்து போவதில் களைநாசினி ஒரு சிறு பங்குதான்.

ஒன்ராறியோவின் வடமேற்கே, காடுகளுக்குள், ஆய்வுக்கென்றே ஒதுக்கிய சிற்றேரிகள் இருக்கின்றன. 1973இல் டேவிட் ஷின்ட்லரும் அவருடைய குழுவினரும் 226ஆம் இலக்க ஏரியை நடுவே ஒரு திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் காபனும் நைதரசனும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பொஸ்பரசையும் சேர்த்தார்கள். பொஸ்பரஸ் இட்ட பாதி பாசியால் பச்சையாக மாறியது. மற்றப் பாதி தெளிவாகவே கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் நன்னீர் ஆய்வின் வரலாற்றில் மிகப் பெயர்பெற்றது. சலவைத்தூளில் பொஸ்பேற்றைக் கட்டுப்படுத்தும் வாதத்துக்கு அது பெரும் வலு சேர்த்தது. ஒரு கிலோ பொஸ்பரஸ் பல நூறு கிலோ பாசியை வளர்க்க வல்லது. பாசி இறந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் தீர்கிறது, மீன் சாகிறது. சில பாசிகள் தாமே நஞ்சு சுரக்கும். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் பெருகிய அப்படியொரு பாசியால் ஒஹையோவின் ரொலிடோ நகரில் சுமார் நான்கு இலட்சம் பேர் குழாய்நீரைக் குடிக்கமுடியாமல் போனது. கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

ஈரி ஏரிக்கு வரும் பொஸ்பரசில் பெரும்பங்கு பண்ணை நிலத்திலிருந்து வருகிறது. அதற்கு நகரத்துப் புல்தரையைக் குற்றஞ்சொல்வது நியாயமல்ல. ஆனால் நகருக்குள் ஓடும் ஓடைகளுக்குப் பண்ணை இல்லை, நாம்தான் இருக்கிறோம். மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகரம் 2007 முதல் புல்தரைக்குப் பொஸ்பரஸ் பசளை இடுவதைக் கட்டுப்படுத்தியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜோன் லேமன் குழு ஹூரோன் ஆற்றை முன்பும் பின்பும் அளந்தது. 2008 கோடையில் மொத்தப் பொஸ்பரஸ் சராசரியாக 28 வீதம் குறைந்திருந்தது. அதே காலத்தில் நகரம் விழிப்புணர்வுப் பணிகளும் செய்தது. ஆகவே முழுக் குறைவையும் விதியின் கணக்கில் எழுதமுடியாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையோடு சேர்த்துப் பார்த்தாலும் கவனிக்கத்தக்க குறைவு. மினசோட்டா 2005இலேயே மாநிலம் முழுவதும் இதைச் செய்துவிட்டது. ஒன்ராறியோவின் 2009 தடை களைநாசினியையும் பூச்சிநாசினியையும் பற்றியது. பசளைப் பையை அது தொடவில்லை.

இயற்கை முறைக்கு மாறிவிட்டால் இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நான் அப்படி நம்பவில்லை. சாணமும் கூட்டெருவும் உயிர்ப்பொருட்கள்தான்; ஆனால் ஓடைப் பாசிக்குச் சாணத்தின் பொஸ்பரசும் தொழிற்சாலைப் பொஸ்பரசும் ஒன்றே. விலங்கெருவில் தயாரித்த கூட்டெருவில், புல்லுக்கு வேண்டிய நைதரசனோடு ஒப்பிட்டால் பொஸ்பரஸ் மிக அதிகம். நைதரசன் தேவையைக் கணக்கிட்டு அதை இட்டால் பொஸ்பரஸ் ஆண்டுக்காண்டு மண்ணில் குவியும், பிறகு மழையோடு போகும். மழைநீரை வடிகட்டவென்று அமைத்த தோட்டங்களே, மண்கலவையில் கூட்டெரு மிகுந்தால், வந்ததைவிடக் கூடுதலான பொஸ்பரசை வெளியே விடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஒன்ராறியோச் சட்டம் அனுமதிக்கும் சோளப் பசைத்தூள் இன்னொரு எடுத்துக்காட்டு. களை விதை முளைவிடாமல் தடுக்க வசந்தத்தின் தொடக்கத்தில் இதைத் தூவுவார்கள். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிக் கிறிஸ்டியன்ஸ் கண்டறிந்த முறை இது. இதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நைதரசன். களைக்கென்று சொல்லப்படும் அளவு நூறு சதுர மீற்றருக்குச் சுமார் பத்துக் கிலோ. அதாவது ஒரே தடவையில் ஒரு கிலோ நைதரசன், வழக்கமாக ஒருமுறை இடும் பசளையின் இரண்டு மடங்கு. மெதுவாகக் கரையும் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்காரர் பலர் இதைக் களைக்கு அடிக்கும் மருந்தாகக் கருதி, பிறகு பசளையும் தனியே இடுகிறார்கள். உறிஞ்ச வேர் இல்லாத நைதரசன் நைத்திரேற்றாகி மழையோடு கீழே இறங்கும்.

இதைப்பற்றி யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைதான் கிணற்றுநீர். தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழிகளின் கசிவும் சேர்ந்து, குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்றை உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே கொண்டுபோயிருக்கின்றன. அந்தக் கசிவு எந்தத் தொழிற்சாலையிலும் செய்ததல்ல.

இயற்கை எருவும் நீரைக் கெடுக்கும் என்பதற்கு ஒன்ராறியோவே ஒரு கொடிய சாட்சி வைத்திருக்கிறது. 2000 மே மாதம் வோக்கர்ரன் என்ற சிற்றூரில் ஒரு ஆழமற்ற கிணற்றுக்குள், அருகிலிருந்த பண்ணையில் பரப்பிய மாட்டெருவின் கிருமி, பெருமழையோடு இறங்கியது. குளோரின் கண்காணிப்பும் தவறியிருந்தது. ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். விசாரணை நடத்திய நீதிபதி டெனிஸ் ஓ'கொனர் அந்தப் பண்ணைக்காரரைக் குறைகூறவில்லை. அவர் முறைப்படிதான் எரு இட்டிருந்தார். எருவைக் கண்டு அஞ்சும்படி நான் சொல்லவில்லை. அளவும் இடமும் காலமும் தவறினால் நீர் மன்னிக்காது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று இந்த மாகாணத்தில் இல்லை.

அப்படியானால் இயற்கை முறையின் பலன் எங்கே இருக்கிறது? என் கணிப்பில், பைக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட மண் மழையைக் குடிக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. புதுக் குடியிருப்புகள் கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, பாரமான இயந்திரங்கள் அடிமண்ணில் ஏறி மிதிக்கின்றன. பிறகு சில சென்ரிமீற்றர் மண் பரப்பி, சுருட்டி வந்த புல்லை விரிக்கிறார்கள். பார்வைக்கு அது புல்தரை; பெருமழைக்கு அது ஏறத்தாழச் சீமெந்துத் தரை. அதன்மேல் இடும் எந்தப் பசளையும், சேதனமோ இரசாயனமோ, வழிந்து ஓடும். மண்ணைத் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுத்து, மெல்லிய படலமாகக் கூட்டெரு தூவி, மண்புழுவையும் வேரையும் வேலை செய்யவிட்டால் சில ஆண்டுகளில் அந்த மண் பொருமி நீர் இறங்க வழிவிடும். நஞ்சை நிறுத்துவதும் இதற்காகவே தேவைப்படுகிறது: புழு வாழும் மண்ணில்தான் நீர் இறங்கும்.

ஸ்காபரோவின் ஹைலண்ட் கிறீக் இதைக் கண்கூடாகக் காட்டும். ரொறன்ரோ வட்டாரத்தில் மிகவும் நகரமயமான நீரேந்துபரப்பு அதனுடையது. கூரையிலும் தெருவிலும் இறுகிய முற்றத்திலும் விழும் மழை, மழைநீர்க் குழாய் வழியாக, பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்புமின்றி ஓடைக்குள் பாய்கிறது. தெருவோரம் இரும்புக் கம்பி போட்ட அந்த வடிகால் வாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று நினைப்பவர்கள் நம்மிடையே பலர். ஸ்காபரோவில் பெரும்பாலும் அது நேரே ஓடைக்குப் போகிறது. 2005 ஆகஸ்ட் பெருமழையில் ஓடையின் கரை அரிக்கப்பட்டு, அதனூடே சென்ற பெரிய கழிவுநீர்க் குழாயே உடைந்தது. நீரின் அளவும் நீரின் தூய்மையும் ஒரே சிக்கலின் இரு முகங்கள்.

இலைகளைப்பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. விஸ்கொன்சினின் மடிசன் நகரில் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் இரண்டு குடியிருப்புப் பகுதிகளை ஒப்பிட்டது. தெருவில் விழுந்த இலைகளைத் தொடர்ந்து அகற்றிய பகுதியில், இலையுதிர் கால மழைநீரின் பொஸ்பரஸ் 84 வீதம் குறைந்தது. அகற்றாத இடத்தில், பனிக்காலம் நீங்கலாக ஆண்டு முழுவதும் வெளியேறிய பொஸ்பரசில் பாதிக்கு மேல் அந்தச் சில வாரங்களில் இலையிலிருந்தே வந்தது. சாலையில் நனைந்து கிடக்கும் மேப்பிள் இலை, தேயிலை சாயம் இறக்குவதுபோல ஊட்டத்தை இறக்குகிறது. அதே இலை பூப்பாத்தியில் கிடந்தால் மண்ணுக்கு உணவு. மினசோட்டாவின் சென்ட் போல் நகரில் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பொஸ்பரஸ் பசளை தடைப்பட்ட நகரில், வீட்டு வளவுக்கு வரும் பொஸ்பரசில் முக்கால்வாசி வரை வளர்ப்பு நாயின் கழிவிலிருந்து வரக்கூடும். நாய் வைத்திருப்பவர் பையோடு நடப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல.

நடைமுறையில் என்ன செய்வது? புல்லை ஆறு முதல் எட்டு சென்ரிமீற்றர் உயரத்தில் வெட்டினால் அதன் நிழலில் களை விதை முளைக்கச் சிரமப்படும், வேரும் ஆழமாகப் போகும். வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் ஆண்டுக்கு வேண்டிய நைதரசனில் நாலில் ஒரு பங்கு வரை திரும்பக் கிடைக்கும். வெள்ளைக் குளோவர் தானே காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துத் தரும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு 2,4-டி சந்தைக்கு வரும்வரை அது புல்விதைக் கலவையோடு சேர்த்தே விற்கப்பட்டது. அந்த மருந்து அதைக் கொன்றது, அதற்குப் பிறகுதான் அது களையானது. புல்லின் வேரைத் தின்னும் வெண்புழுவுக்கு, ஆகஸ்ட் பிற்பகுதியில் ஈரமண்ணில் விடும் நுண்புழுக்கள் இருக்கின்றன. மண் காய்ந்தால் அவை செத்துவிடும், காசு வீண். சரிவின் அடியிலும் வடிகாலோரத்திலும் புல்லை விட்டுவிட்டு அஸ்டர், கோல்டன்றொட், மில்க்வீட் போன்ற இந்த மண்ணின் செடிகளை நடுவது எல்லாவற்றிலும் மேல். மில்க்வீட்டை ஒன்ராறியோ 2014இல்தான் தீய களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதில்தான் மொனார்க் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும்.

அயலவர் என்ன சொல்வார் என்ற தயக்கம் சிறியதல்ல. புதிதாக வந்து வீடு வாங்கிய குடும்பத்துக்கு ஒழுங்காக வெட்டிய பச்சைப் புல் ஒரு கௌரவம். நாங்களும் இந்த ஊர்க்காரர்தான் என்று சொல்லும் அடையாளம். அதை நான் இகழமாட்டேன். சட்டமும் நீண்டகாலம் அந்தப் பக்கமே நின்றது: ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது. தன் இயற்கைத் தோட்டத்துக்காகத் தண்டம் விதிக்கப்பட்ட ஒரு வீட்டுக்காரர் நீதிமன்றம் போனார். அப்படித் தோட்டம் வைப்பது கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று 1996இல் தீர்ப்பானது. பிற்பாடு நகரமும் தன் துணைவிதியைத் தளர்த்தியது. இன்றைக்குத் தடை சட்டத்தில் குறைவு, பார்வையில்தான் அதிகம்.

இலங்கையின் 2021ஐ நினைவுபடுத்தி, இயற்கை முறை என்றாலே நட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரேயடியாக நிறுத்தியது. நெல்லும் தேயிலையும் விழுந்தன. நவம்பரில் தடையைக் கைவிட்டது. உழவரின் வயிற்றில் அடித்த முடிவு அது. ஆனால் அந்த அச்சத்தை ரொறன்ரோ முற்றத்துக்குக் கொண்டுவர முடியாது. வயலில் விளைச்சல் குறைந்தால் பட்டினி. புல்தரையில் அறுவடையே இல்லை. இழப்பதற்குப் பச்சை நிறத்தில் ஒரு சாயலைத் தவிர எதுவும் இல்லை. மாறுவதற்கு இதைவிட ஆபத்துக் குறைந்த நிலம் வேறு கிடையாது.

ஹைலண்ட் கிறீக் ஸ்காபரோவின் தென்கிழக்கே ஒன்ராறியோ ஏரியில் கலக்கிறது. அதே கரையில்தான் ஹோர்கன் குடிநீர் நிலையமும் ஏரிநீரை எடுத்துச் சுத்திகரித்து நம் குழாய்களுக்கு அனுப்புகிறது. அடுத்த பசளைப் பையை வாங்குமுன், அது எந்த வகையானாலும், ஒருமுறை மண்ணைப் பரிசோதியுங்கள். மண் ஆய்வுக்கூடங்கள் அதைச் செய்துதரும். பொஸ்பரஸ் போதும் என்று முடிவு வந்தால் நகரம் இலவசமாகத் தரும் கூட்டெருவைக்கூட அளவோடு போடுங்கள். ஒக்ரோபரில் வடிகால் வாயைச் சுற்றிக் கிடக்கும் இலைகளை அள்ளிப் பூப்பாத்தியில் போடுங்கள்.